உளி பிடிக்கும் கையும் உரிமையும்

(கழகத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில், திருமழிசையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

     

இருபத்தைந்து ஆண்டுகளாக இக்கழகம் எழுத்தறிவையும் பள்ளிப் படிப்பையும் நம் தெருக்களுக்குக் கொண்டு வந்து சேர்த்துள்ளது. அதைப் பாராட்டிப் பேச இங்கே பலர் இருக்கிறார்கள். ஆகவே எனக்கு ஒதுக்கப்பட்ட நேரத்தை வேறொரு பொருளுக்குப் பயன்படுத்த விரும்புகிறேன். இரவுப் பள்ளியை ஒட்டியுள்ள கொட்டகையில் மரவேலைப் பட்டறை ஒன்று அமைத்து, மரங்களை இணைக்கும் அடிப்படைத் தொழிலை இளைஞர்களுக்குக் கற்பிக்கலாமா என்னும் வினா கழகத்தின் பொதுக்குழுவில் எழுந்தது. அங்கே ஒரு தாய் எழுந்து, "என் மகனைப் படிக்க அனுப்பினேன், உளி பிடிக்கவா அனுப்பினேன்?" என்று கேட்டார். அவையில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. அந்தக் கேள்வி நியாயமானது. அதற்கு நேர்மையான விடை சொல்லாமல் பட்டறையைத் தொடங்குவது முறையன்று. அந்த விடையைத் தேடுவதே என் உரையின் நோக்கம்.

தொழிலும் பிறப்பும்

அந்தத் தாயின் அச்சத்திற்குப் பின்னே ஒரு வரலாறு இருக்கிறது. 1953இல் சென்னை மாநிலத்தில் இராசாசி அவர்களின் ஆட்சி ஒரு புதிய தொடக்கக் கல்வித் திட்டத்தைக் கொணர்ந்தது. சிற்றூர்ப் பள்ளிகளில் பிள்ளைகள் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் படித்தால் போதும். எஞ்சிய நேரத்தில் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்பது அதன் சாரம். பெற்றோரின் தொழில் என்றால் நமக்கு என்ன பொருள்? பறையும், வெட்டியான் வேலையும், செத்த மாட்டைச் சுமப்பதும், பிறர் நிலத்தில் கூலிக்கு உழைப்பதுமே! அதனால்தான் அதற்குக் 'குலக்கல்வித் திட்டம்' என்னும் பெயர் நிலைத்தது. பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் கடுமையாக எதிர்த்தனர். 1954இல் காமராசர் முதலமைச்சரானதும் அத்திட்டம் கைவிடப்பட்டது. அந்த நினைவு நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது; இருக்கவும் வேண்டும்.

ஆயினும் நாம் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். தொழிலைக் கற்பது ஒன்று. பிறப்பினால் தொழிலில் கட்டிப் போடப்படுவது வேறொன்று. அண்ணல் அம்பேத்கர் 1936இல் சாதி ஒழிப்பைப் பற்றி எழுதியபோது, சாதி வேலைகளை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்யும் மக்களையே ஒருவரோடொருவர் சேரவொட்டாத அடுக்குகளாகப் பிரித்து வைக்கிறது என்று விளக்கினார். தன் இயல்புக்கும் விருப்பத்துக்கும் ஏற்ற தொழிலை ஒருவன் தேர்ந்துகொள்ள முடியாமையே அதன் பெருங்கேடு என்றார். இந்தக் கேட்டிற்கு இரண்டு முகங்கள் உண்டு. நம்மை இழிவென்று ஒதுக்கப்பட்ட வேலைகளில் கட்டிப் போட்டது ஒரு முகம். மதிப்பும் வருவாயும் உள்ள கைத்தொழில்களின் வாயிலை நம் முகத்தில் அறைந்து சாத்தியது மற்றொரு முகம். முதல் முகத்தைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். இரண்டாவதைப் பற்றிப் பேசியது குறைவு.

தச்சுத் தொழில் நம் குலத்தொழில் அன்று. அது தந்தையிடமிருந்து மகனுக்கும், மாமனிடமிருந்து மருமகனுக்கும் வந்த தொழில். அக்கலையை வழிவழியாகக் காத்து வந்தோரை நான் குறைகூறவில்லை. ஆனால் அந்த வட்டத்துக்கு வெளியே பிறந்தவனுக்கு அங்கு இடமில்லை என்பதும் உண்மையே. என் இளமையில் ஒரு பட்டறையில் சேர்ந்தேன். ஆறு திங்கள் மரச்சுருள் கூட்டினேன், பலகை சுமந்தேன், தேநீர் வாங்கி வந்தேன். அளவுகோலை மட்டும் என் கையில் தரவில்லை. கோடு போடும்போது என்னைக் கடைக்கு அனுப்பி விடுவார்கள். தொழிலின் அறிவு முழுவதும் அந்தக் கோட்டில்தான் இருக்கிறது என்பது எனக்குப் பின்னர் விளங்கிற்று. அரசினர் தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர்ந்தபோதுதான் முதன்முதலில் மூலைமட்டம் என் கைக்கு வந்தது. அங்கே என் பெயர் வரிசை எண்ணின்படி அழைக்கப்பட்டது. யாருடைய மகன் என்று எவரும் கேட்கவில்லை.

ஆகவே, நம் இளைஞன் உளியைப் பிடிப்பது குலக்கல்விக்குத் திரும்புவதாகாது. குலம் சாத்திய கதவைத் திறந்து உள்ளே செல்வதாகும். எந்தத் தொழிலையும் மேற்கொள்ளும் உரிமையை அரசியல் சட்டத்தின் 19ஆம் பிரிவு நமக்கு அளித்திருக்கிறது. சட்டம் உரிமையைத் தரும், தேர்ச்சியைத் தராது. அதை நாமே தேடிக்கொள்ள வேண்டும்.

நமக்கு முன் நடந்தவர்கள்

இந்த எண்ணம் புதியதன்று. சென்னை தியாகராய நகரில் உள்ள தக்கர் பாபா வித்யாலயத்தை உங்களில் சிலர் பார்த்திருக்கலாம். தாழ்த்தப்பட்ட மாணவர்களுக்குத் தொழில் கற்பிப்பதற்கென எழுந்த நிலையம் அது. 1946இல் காந்தியடிகள் சென்னைக்கு வந்தபோது அதற்கு அடிக்கல் நாட்டினார். அக்காலத்தில் நமக்கு அவர்கள் இட்ட பெயரை நாம் இன்று ஏற்பதில்லை. ஆனால் அங்கே தொழில் கற்று வெளியேறிய மாணவர்களின் கைத்திறனை யாரும் மறுக்க முடியாது.

கடல் கடந்தும் இந்த வாதம் நடந்திருக்கிறது. அமெரிக்காவில் அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்களுக்காக புக்கர் வாஷிங்டன் 1881இல் அலபாமா மாநிலத்தில் டஸ்கிகி என்னும் இடத்தில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். அங்கே மாணவர்கள் தாமே செங்கல் அறுத்தனர். தாமே மரவேலை செய்தனர். தம் பள்ளிக் கட்டடங்களைத் தாமே எழுப்பினர். அதே இனத்தைச் சேர்ந்த பேரறிஞர் டுபாய்ஸ் 1903இல் இதனை மறுத்து எழுதினார். கைத்தொழிலோடு நிறுத்திவிட்டால் உயர்கல்வியும் வாக்குரிமையும் கைநழுவிப் போகும் என்பது அவர் கவலை. இருவரில் யார் சொன்னது சரி? என் கருத்தில், கைத்தொழிலை வேண்டாமென்று தள்ளுவதும் தவறு. அதுவே போதும் என்று அமைவதும் தவறு. நம் பட்டறை பள்ளிக்கு மாற்றாக இருக்கக்கூடாது. பள்ளிக்குத் துணையாக இருக்க வேண்டும்.

இந்த ஊரின் மண்ணும் நமக்கு ஒன்றைச் சொல்கிறது. திருமழிசை ஆழ்வாரைப் பிரம்பு அறுத்துப் பிழைத்த திருவாளன், பங்கயச்செல்வி என்னும் இணையர் எடுத்து வளர்த்தனர் என்பது வைணவ மரபு. நான்கு குலங்களில் ஒன்றிலும் தாம் பிறக்கவில்லை என்று அவரே தம் பாடலில் கூறுகிறார். கையால் உழைத்தோரின் குடிசையில்தான் இவ்வூருக்குப் பெயர் தந்த புலமை வளர்ந்தது. கை வேலைக்கும் அறிவுக்கும் பகை இல்லை என்பதற்கு இதைவிட அருகில் உள்ள சான்று எது?

மரத்தை அறிதல்

இனிப் பட்டறைக்குள் செல்வோம். அங்கே என்ன கற்கப் போகிறீர்கள் என்பதைச் சொல்லாமல், கற்றுக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்வது வெறும் பேச்சாகிவிடும்.

முதற்பாடம் மரத்தைப் பற்றியது. மரத்தின் நடுப்பகுதி வைரம், வெளிப்பகுதி வெளிறு. வைரம் பூச்சிக்கும் ஈரத்துக்கும் எளிதில் இடங்கொடாது, வெளிறு கொடுக்கும். மரத்தின் உடல் முழுவதும் நீளவாட்டில் ஓடும் நார்களால் ஆனது. ஆகையால் நீளவாட்டில் அதற்கு வலிமை மிகுதி. குறுக்குவாட்டில் எளிதில் பிளந்துவிடும். விறகு பிளக்கும் எவருக்கும் இது தெரியும். பட்டறையில் நீங்கள் செய்யப் போகும் இணைப்புகள் அனைத்தும் இந்த ஓர் உண்மையின் மேல் கட்டப்பட்டவை.

மரம் வெட்டிய பின்னும் ஓயாமல் அசைகிறது. பச்சை மரத்தில் உள்ள நீர் குறைந்து குறைந்து, ஏறத்தாழ 30 விழுக்காட்டுக்குக் கீழே போகும்போது சுருங்கத் தொடங்கும். நீளத்தில் சுருக்கம் மிக மிகக் குறைவு, அகலத்தில்தான் மிகுதி. ஆண்டு வளையங்களின் போக்கிலே ஏற்படும் சுருக்கம், நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் ஏற்படுவதைப்போல் ஏறக்குறைய இருமடங்கு. பலகை வளைவதும், கதவு முறுக்கிக்கொள்வதும் இதனாலேயே. நன்கு பதப்படுத்திய மரத்திலும் ஓரடி அகலப் பலகை மழைக்காலத்தில் ஓரிரு மில்லிமீட்டர் விரியும். கோடையில் அதே அளவு ஒடுங்கும். ஐப்பசியில் இறுகிக்கொள்ளும் கதவு சித்திரையில் எளிதாகத் திறப்பதை நம் வீடுகளில் பார்க்கிறோம் அல்லவா? ஆகவே, நல்ல தச்சன் மரத்தைச் சிறைப்படுத்த மாட்டான். அசைய இடம் விட்டு அணைப்பான். கதவுச் சட்டத்தின் நடுவே பொருத்தும் பலகையைப் பள்ளத்துக்குள் செருகுவார்களே தவிரப் பசை இட்டு ஒட்ட மாட்டார்கள். ஒட்டினால் முதற் கோடையிலேயே பலகை வெடிக்கும்.

கருவிகளும் கோடும்

இரண்டாவது பாடம் கருவிகள். இரம்பம், இழைப்புளி, உளி, கொட்டாப்புளி, மூலைமட்டம், அளவுகோல், கோடிழுக்கும் கேஜ், சாணைக்கல் ஆகிய இவை இருந்தால் தொடக்கப் பயிற்சியை நடத்திவிடலாம். இவற்றுள் பயிலுநர் முதலில் பழக வேண்டியது சாணைக்கல். உளியின் சரிவை 25 பாகை அளவில் தீட்டி, அதன் முனையை மட்டும் 30 பாகையில் நுணுக்கமாகத் தேய்ப்பது வழக்கம். உளியின் பின்புறம் முற்றிலும் சமமாக இருக்க வேண்டும். மழுங்கிய உளிதான் கையை வெட்டும். கூரிய உளி மரத்தை வெட்டும். மழுங்கிய கருவிக்கு வலிமை கூட்டி அழுத்துகிறோம். அது வழுக்கும்போது அந்த வலிமை முழுதும் நம் சதையின்மேல் பாய்கிறது. உளி செல்லும் திசைக்கு முன்னே எக்காலத்தும் கையை வைக்காதீர்கள்.

மூன்றாவது பாடம் கோடு. நான் முன்னர்ச் சொன்ன, எனக்கு மறைக்கப்பட்ட அந்தக் கோடு! முதலில் பலகையின் ஒரு முகத்தை இழைத்துச் சமமாக்க வேண்டும். அதற்குச் செங்குத்தாக ஒரு விளிம்பை இழைக்க வேண்டும். இவ்விரண்டுக்கும் அடையாளம் இட வேண்டும். இனி எல்லா அளவும் இவற்றிலிருந்தே எடுக்கப்படும். மூலைமட்டத்தை அடையாளமிட்ட பக்கத்தில் மட்டுமே சேர்த்துப் பிடிக்க வேண்டும். மாறி மாறி வைத்தால் சிறு பிழைகள் கூடிக்கூடி இறுதியில் பொருத்து வாய் பிளந்து நிற்கும். பென்சில் கோட்டுக்குத் தடிப்பு உண்டு. கத்தி முனைக் கோட்டுக்குத் தடிப்பில்லை. ஆகவே அறுக்க வேண்டிய இடத்தில் கத்தியால் கோடிடுவார்கள். இரம்பத்துக்கும் தடிப்பு உண்டு. அது கழிவுப் பக்கத்திலேயே ஓட வேண்டும். கோடு கடைசிவரை மரத்தில் நிற்க வேண்டும்.

நம் பக்கத்துத் தச்சர்கள் ஓர் அங்குலத்தை எட்டு நூலாகப் பகுத்துப் பேசுவார்கள். ஒரு நூல் என்பது மூன்று மில்லிமீட்டருக்குச் சற்று மிகுதி. தொழிற்சாலைகளில் மில்லிமீட்டர்க் கணக்கே வழங்கும். நீங்கள் இரண்டையும் அறிந்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்புக் கணக்கில் தோற்றுவிட்டேன் என்று சொன்ன பிள்ளைகள் பட்டறையில் பின்னக் கணக்கைத் தவறில்லாமல் போடுவதைப் பார்த்திருக்கிறேன். கணக்கு கண்ணுக்கு முன் மரமாக நிற்கும்போது அச்சம் போய்விடுகிறது.

மூன்று இணைப்புகள்

தொடக்கப் பயிற்சிக்கு மூன்று இணைப்புகள் போதும்.

முதலாவது அரைக்கு அரை இணைப்பு. இரண்டு சட்டங்கள் ஒன்றையொன்று குறுக்கே கடக்கும் இடத்தில், ஒவ்வொன்றிலும் பாதித் தடிப்பை வெட்டி எடுத்து ஒன்றன்மேல் ஒன்று படிய வைப்பது. மேலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே தளமாக இருக்கும். இது எளிது, ஆனால் பொய் சொல்லாதது. கோடு ஒரு மயிரிழை விலகினாலும் இடைவெளி காட்டிக் கொடுத்துவிடும். இதை ஒருவன் பத்து முறை செய்தால் இரம்பமும் உளியும் அவன் கைக்குப் பழகிவிடும்.

இரண்டாவது துளையும் நாக்கும். பட்டறைகளில் மார்ட்டிஸ், டெனான் என்று வழங்குவார்கள். ஒரு சட்டத்தில் துளை. மற்றொன்றின் முனையில் அத்துளைக்குள் செல்லும் நாக்கு. வாசற்கால், கதவு, சன்னல், கட்டில், நாற்காலி ஆகிய அனைத்தையும் தாங்கி நிற்பது இதுவே. நாக்கின் தடிப்பு சட்டத்தின் தடிப்பில் மூன்றில் ஒரு பங்கு இருக்கலாம் என்பது பொதுவிதி. ஒன்றரை அங்குலச் சட்டம் என்றால் பன்னிரண்டு நூல்; அதில் நாக்கு நான்கு நூல், அதாவது அரை அங்குலம். ஏன் மூன்றில் ஒன்று? நாக்கு பெருத்தால் துளையைச் சுற்றியுள்ள சுவர் மெலிந்து உடையும். நாக்கு மெலிந்தால் அதுவே முறியும். துளையை முதலில் வெட்ட வேண்டும். பின்பு நாக்கை அதற்கேற்ப அறுக்க வேண்டும். துளையின் அகலத்தை உளியின் அகலமே முடிவு செய்துவிடும், பிறகு திருத்துவது கடினம். நாக்கையோ இழை இழையாகச் சீவித் திருத்தலாம். கையால் அழுத்தினால் பாதி போகவேண்டும். கொட்டாப்புளியின் மெல்லிய தட்டலில் மீதி போகவேண்டும். ஓங்கி அடித்தால்தான் போகும் என்றால் சட்டம் பிளக்கும். துளை மறுபுறம் ஊடுருவி வந்தால் நாக்கின் முனையில் ஆப்பு அடித்து விரியச் செய்யலாம். குறுக்கே மர ஆணி இறக்கலாம்.

மூன்றாவது புறாவால் இணைப்பு. நாக்குகள் புறாவின் வாலைப்போல் முனையில் விரிந்திருக்கும். மேசையின் இழுப்பறையை நாள்தோறும் இழுக்கிறோம். அதன் முன்பலகை பக்கப் பலகையிலிருந்து பிய்ந்து வராமல் பிடித்து வைப்பது இந்த விரிவே. மென்மரத்தில் ஆறுக்கு ஒன்று, வன்மரத்தில் எட்டுக்கு ஒன்று என்னும் சரிவில் இதனை வரைவார்கள். சரிவு மிகுந்தால் ஓரம் சிதறும். குறைந்தால் பிடிப்பு இராது.

ஆணி அடித்தால் போதாதா, பசை போட்டால் போதாதா என்று கேட்பீர்கள். பலகையின் வெட்டு முனையில் நார்களின் வாய்கள் திறந்திருப்பதால் பசையை உறிஞ்சிவிடும். அங்கே ஒட்டு நிற்காது. நாரின் பக்கவாட்டு முகங்கள் ஒன்றோடொன்று தழுவும் இடத்தில்தான் பசை மரத்தைவிட வலிமையாகப் பிடிக்கும். அத்தகைய முகங்களை உண்டாக்கித் தருவதே இணைப்பின் வேலை. முன்னாளில் விலங்குத் தோலிலிருந்து காய்ச்சிய வச்சிரம் பயன்பட்டது. இந்நாளில் வெள்ளைப் பசை வந்துவிட்டது. பசை மாறினாலும் இந்த விதி மாறவில்லை.

நான்கு மூலைகளையும் பொருத்திய பின் சட்டம் நேராக இருக்கிறதா என்று எவ்வாறு அறிவது? எதிரெதிர்ப் பக்கங்கள் சமமாக இருக்கும்போது, இரு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். அவையும் சமமானால் மூலைகள் யாவும் செங்கோணம். பெரிய வாசற்கால் என்றால் ஒரு பக்கம் மூன்றடி, மறுபக்கம் நான்கடி குறித்து, இடையே ஐந்தடி வருகிறதா என்று பார்க்கலாம். பள்ளியில் மனப்பாடம் செய்த தேற்றம் இங்கே வாசற்காலில் வந்து நிற்கிறது.

பிழைப்புக்கு வழி

"இயந்திரம் வந்துவிட்டதே, ஒட்டுப்பலகையும் திருகாணியும் போதுமே, இந்த இணைப்புகளை யார் கேட்கிறார்கள்?" என்று ஓர் இளைஞர் கேட்டார். உண்மைதான். இன்றைய அலமாரிகள் பெரும்பாலும் ஆலைப் பலகையால் ஆனவை. கணினி இயக்கும் வெட்டுப்பொறிகள் வந்துவிட்டன. ஆனால் அப்பொறிக்கு அளவு சொல்ல வேண்டியவன் மனிதன். நேர்க்கோடும் செங்கோணமும் மரத்தின் அசைவும் அறிந்தவனே அப்பொறியின் முன் நிற்கத் தகுதியுடையவன். அறியாதவன் அங்கேயும் பலகை சுமப்பவனாகவே இருப்பான்.

நம்மைச் சுற்றிப் பாருங்கள். திருமழிசையிலேயே சிட்கோ தொழிற்பேட்டை இருக்கிறது. கிழக்கே அம்பத்தூர், மேற்கே திருப்பெரும்புதூர். வார்ப்பாலைகளுக்கு மரத்தால் மாதிரி உரு செய்பவர் தேவை. உருக்கிய இரும்பு ஆறும்போது ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு சுருங்குமாதலால், அந்த அளவு கூட்டி மாதிரியைச் செய்ய வேண்டும். இது படித்த தச்சனின் வேலை. வெளிநாட்டுக்குச் செல்லும் பொறிகளை வைக்கும் மரப்பெட்டிகளுக்கும் அடிப்பலகைகளுக்கும் உலகளாவிய விதி உண்டு. மரத்தின் உள்நடு வரை 56 பாகை வெப்பத்தில் இடைவிடாமல் 30 நிமிடம் காய்ச்சி முத்திரை இட வேண்டும். இல்லாவிடில் துறைமுகத்திலேயே திருப்பிவிடுவர். இத்தகைய விதிகளைப் படித்துப் புரிந்துகொண்டு நடத்துபவன் மேற்பார்வையாளன் ஆகிறான்.

1950இல் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின்கீழ் அரசினர் தொழிற்பயிற்சி நிலையங்கள் இயங்குகின்றன; மரவேலைப் பிரிவுக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும். 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம் 1973இல் திருத்தப்பட்டு, பட்டியல் இனத்தாருக்குப் பழகுநர் இடங்கள் ஒதுக்கப்பட்டன. 1955இல் திறக்கப்பட்ட பெரம்பூர் இரயில் பெட்டித் தொழிற்சாலை பழகுநர்களைச் சேர்க்கும் தொழில்களில் தச்சும் ஒன்று. இந்த அறிவிப்புகள் நாளிதழில் ஒரு மூலையில் வந்து போகின்றன. அவற்றை வெட்டி நம் படிப்பகத்தின் பலகையில் ஒட்டும் பொறுப்பைக் கழகம் ஏற்க வேண்டும்.

சொந்தப் பட்டறை வைக்க விரும்புவோர்க்கு 1974இல் தொடங்கப்பட்ட தாட்கோ நிறுவனம் இருக்கிறது. அண்மையில் நடந்த ஒன்றையும் நீங்கள் அறிய வேண்டும். 2023இல் நடுவண் அரசு விசுவகர்மா திட்டத்தைக் கொணர்ந்து, குடும்ப வழியில் வரும் 18 தொழில்களை அதில் சேர்த்தது. குடும்பத் தொழிலாக இருக்க வேண்டும் என்னும் வரையறையை நீக்குமாறு தமிழ்நாடு அரசு கேட்டது. அது ஏற்கப்படாததால் அந்த வடிவில் திட்டத்தை நடத்த இயலாது என்று 2024 நவம்பரில் அறிவித்தது. பின்னர் 2025 ஏப்ரலில், நமக்கு அருகேயுள்ள குன்றத்தூரில், கலைஞர் கைவினைத் திட்டம் தொடங்கப்பட்டது. 35 வயது நிறைந்த எவரும், குடும்பத் தொழில் என்னும் வரையறையின்றி, 25 தொழில்களுக்குக் கடனும் மானியமும் பெறலாம் என்று அதில் வகுக்கப்பட்டது. கட்சிகளைப் பற்றிப் பேச நான் வரவில்லை. தச்சன் மகன்தான் தச்சனா, கற்றவன் எவனும் தச்சனா என்னும் வினா எழுபது ஆண்டுகளுக்குப் பின்னும் உயிரோடிருக்கிறது என்பதையே சுட்டுகிறேன். அந்த வினாவுக்கு நம் கைகள்தாம் விடை எழுத வேண்டும்.

பட்டறைக்குச் சில நெறிகள்

கழகம் பட்டறையைத் தொடங்குமானால் சில நெறிகளை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

பள்ளி நேரத்தில் பட்டறை நடத்தலாகாது. பதினான்கு வயது நிரம்பாத பிள்ளை அங்கே வேலைக்கு வரலாகாது. பள்ளியை விட்ட பிள்ளை வந்தால், உளியோடு பாடநூலையும் சேர்த்துக் கையில் கொடுத்துத் தேர்வு எழுத வைக்க வேண்டும். மேற்படிப்புக்குத் தகுதியுள்ள ஒருவனையும், "உனக்குத்தான் தொழில் தெரியுமே" என்று சொல்லி நிறுத்திவிடக் கூடாது. பொறியியல் படிக்கப் போகிறவனுக்கும் இந்தப் பட்டறை நன்மையே செய்யும்.

பெண்பிள்ளைகளுக்கும் இடம் வேண்டும். கட்டட வேலைக்குச் செல்லும் நம் பெண்கள் தலையில் கல் சுமக்கிறார்கள். கொல்லூறும் மூலைமட்டமும் மட்டும் ஆண்களின் கையில் இருக்கின்றன. இணைப்புக்குத் தேவை தோள் வலிமையன்று. கண்ணின் கூர்மையும் பொறுமையும்தான்.

உடல்நலத்தைப் புறக்கணிக்கலாகாது. மரத்தூள் புற்றுநோய் உண்டாக்க வல்லது என்று உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வுக் குழு 1995இல் வகைப்படுத்தியிருக்கிறது. காற்றோட்டமும் முகக்கவசமும் கட்டாயம் வேண்டும். ஏழையின் நுரையீரல் மலிவானதன்று.

இறுதியாக, பட்டறையின் கதவு ஊரார் அனைவருக்கும் திறந்திருக்கட்டும். நமக்குச் சாத்தப்பட்ட கதவைப்போல் இன்னொரு கதவை நாம் செய்ய வேண்டாம். கோடு போடும்போது யாரையும் கடைக்கு அனுப்பாத பட்டறை என்று அது பெயர் பெறட்டும்.

இளைஞர்களே! பொதுக்குழுவில் எழுந்து கேட்ட அந்தத் தாய்க்கு நான் சொல்லும் விடை இதுதான்: அம்மா, உங்கள் மகன் படிக்கட்டும், பட்டமும் பெறட்டும். படிப்பின் ஒரு பகுதியாக, இதுவரை நம்மில் யாருக்கும் தராமல் வைத்திருந்த அளவுகோலையும் அவன் கையில் எடுக்கட்டும். பிறகு அவன் தச்சனாகலாம், பொறியாளனாகலாம், ஆசிரியனாகலாம். அதைத் தேர்ந்தெடுப்பவன் அவனாக இருக்கட்டும். அவன் பிறந்த தெருவாக இருக்க வேண்டாம்.

 கொட்டகையைச் செப்பனிடும் வேலை தொடங்கும் நாளில் என் கருவிப் பெட்டியோடு வந்து நிற்பேன் என்று உறுதி கூறுகிறேன்.